ஆனைக்கால் மண்டபத்தில் கிறுக்குப் பிடித்த சிக்னல்

அத்தியாயம் 3: நாலு பக்கமும் பச்சை

பகல் இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு ஆனைக்கால் மண்டபத்துச் சிக்னலில் நாலு பக்கமும் ஒரே நேரத்தில் பச்சை விழுந்தது.

விழுந்ததும் நாலு பக்கத்து ஜனமும் ஒரே நேரத்தில் கிளம்பியது. வடக்கிலிருந்து வாலாஜாபாத் பஸ். தெற்கிலிருந்து நூல் மூட்டை ஏற்றிய ரிக்‌ஷா. கிழக்கிலிருந்து ஒரு மேளக் கோஷ்டி. மேற்கிலிருந்து வைக்கோல் வண்டி. எல்லாரும் நடு ரோட்டில் சந்தித்து, ஒருவர் குலத்தை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள். தவில்காரர் பஸ்ஸின் முன் பம்பர் மேல் உட்கார்ந்திருந்தார். அங்கே எப்படிப் போனார் என்பது அவருக்கே தெரியவில்லை. வைக்கோல் வண்டி மாடு மட்டும் யார் மேலும் இடிக்காமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. சிக்னலை நிமிர்ந்து பார்க்காத ஒரே ஜீவன் அதுதான்.

"தணிகாசலம், மணி என்ன?" என்றார் டீச்சரம்மா.

"ரெண்டு மணி பத்து நிமிஷம், இருபது செகண்டு. தவில் கிழிஞ்சது இருபத்தி நாலாவது செகண்டு."

"தவில் வேண்டாம். விளக்கை மட்டும் எழுதிக்கோ."

முந்தின இரண்டு அத்தியாயங்களைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் தணிகாசலம். வாலாஜாபாத் லைனில் பதினொரு வருஷம் கண்டக்டராக இருந்தவன். ஒரு நாள் டிக்கெட் வாங்கவில்லை என்று ஓர் ஆளை நடுவழியில் இறக்கிவிட்டேன். அவர் எங்கள் செக்கிங் இன்ஸ்பெக்டர். மறுநாளிலிருந்து நான் துப்பறியும் உதவியாளன். என் முதலாளி ஹேமாம்புஜம், சின்னக் காஞ்சிபுரத்தில் இருபத்தாறு வருஷம் கணக்கு டீச்சர். விடை தெரியாத பிள்ளைகளைப் பார்த்து அலுத்துப்போய், விடை தெரியாத கேஸ்களுக்கு வந்தவர். கறுப்புக் குடையும் கிராஃப் தாளும் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார்.

கேஸ் இதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று, வைகாசி மாதம். ஊரின் முதல் தானியங்கிச் சிக்னலை 'முரளி சிக்னல் வொர்க்ஸ்' என்ற கம்பெனி பத்து நாள் வெள்ளோட்டத்துக்கு நட்டிருந்தது. 'மூளையுள்ள சிக்னல்! போலீஸ்காரர் தேவையில்லை!' என்று தெருவெல்லாம் நோட்டீஸ். கம்பத்தடியில் பூட்டிய இரும்புப் பெட்டி. அதற்குள் ஜெர்மன் மூளை. திறந்து பார்த்தால் ஜெர்மன்காரன் கியாரண்டி போய்விடுமாம். கம்பெனி முதலாளி முரளீதரன், கறுப்புக் கண்ணாடி, ஸ்கூட்டர், பாதிப் பேச்சு இங்கிலீஷ். தான் வீட்டுக்கு ஒரே பிள்ளை என்பதை ஒரு நாளைக்கு இரண்டு தடவை சொல்வார்.

மூளை முதல் நாளே குழம்பியது. ஒரே பக்கத்தில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தன. திடீரென்று பன்னிரண்டு விளக்கும் அணைந்தன. முரளீதரன் யோசிக்கவே இல்லை. பன்னிரண்டு வருஷமாக அந்த நாற்சந்தியில் பீப்பாய் மேல் நின்று கை காட்டிய கான்ஸ்டபிள் கலியாணசுந்தரத்தின் மேல் பழியைப் போட்டார். பெட்டியின் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. பீப்பாய் வேலை போன ஆத்திரத்தில் உள்ளே கைவிட்டுக் கலைத்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. அதை நிரூபித்துக் கொடுக்கத்தான் எங்களை அழைத்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் அன்று மாலை நாலு மணி வரை கெடு வைத்திருந்தார். மறுநாள் கருட சேவை. ஊர் கொள்ளாத கூட்டம் வரும். நாலு மணிக்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் கலியாணசுந்தரம் சஸ்பெண்டு. அவர் மகள் கலாவதிக்கு எட்டாம் நாள் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் செங்கல்பட்டுக்காரர்கள். காற்றடித்துப் பந்தல் சாய்ந்தாலே சகுனம் பார்த்துத் திரும்பிப் போகிற ரகம். சஸ்பெண்டு ஆன சம்பந்தியைத் தாங்குவார்களா?

கலியாணசுந்தரம் டீக்கடை பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் அந்தப் பொட்டியைத் தொட்டதேயில்லமா," என்றார். "அது ஒழுங்கா ஓடிச்சின்னா எனக்கும்தான் நல்லது. வெயில்ல நின்னு நின்னு என் தலை வெந்து பூட்சி. ஆனா ஒன்னு சொல்றேன். பொண்ணைப் பெத்தவன் எவனாவது நாலு பக்கமும் பச்சை காட்டி ஜனங்களை முட்ட வுடுவானாமா?"

டீச்சரம்மா கிராஃப் தாளை என் முதுகில் வைத்துப் பிரித்தார். நான் மேஜையாகவும் வேலை பார்க்கிறேன்.

"பாரு. நாலு பக்கம், பக்கத்துக்கு மூணு விளக்கு. ஆக வரிக்குப் பன்னிரண்டு கட்டம். எரிஞ்சா கட்டத்தைக் கறுப்பாக்கு. எரியலைன்னா விட்டுடு. பெட்டிக்குள்ளே 'டக்'னு சத்தம் வரது பார், அப்போ அடுத்த வரி."

ஐந்து செகண்டுக்கு ஒரு 'டக்'. நிமிர்ந்து நின்று பென்சிலை எடுத்து நான் கட்டங்களைக் கறுப்பாக்கினேன். சுற்றிலும் ஹாரன், வசவு, தவில்காரரின் ஒப்பாரி. நாற்பது வரி முடிந்தது. நாற்பத்தோராவது வரி எழுதும்போது என் கை நின்றது.

"டீச்சரம்மா, இது முதல் வரியேதான். நாலு பக்கப் பச்சை. அதோ, திரும்ப முட்டிக்கினாங்க."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"மூணு நிமிஷம் இருபது செகண்டு."

இன்னும் மூன்று சுற்றுப் பார்த்தோம். ஒரு கட்டம்கூட மாறவில்லை. டீச்சரம்மா குடையை மடக்கினார். விடை கண்ணில் பட்டால் குடையை மடக்கிவிடுவார், வெயிலானாலும் மழையானாலும்.

"கையை விட்டுக் கலைச்சா கன்னாபின்னான்னு வரும். இது அச்சு அசலா திரும்பி வரது. இது கிறுக்கே இல்லை, தணிகாசலம். யாரோ ஒழுங்கா உட்கார்ந்து போட்ட கணக்கு. என்ன கணக்குன்னுதான் தெரியலை."

அப்போது என் தோளுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அன்னம் நல்லாத்தான் வந்திருக்குது. ஒரு காலை எங்கப்பா வுட்டே?"

இடுப்பில் நூல் கூடையோடு ஓர் அம்மாள். பெயர் ரேணுகாம்பாள், தறிக்காரர் வீட்டுப் பெண்மணி. நெரிசலில் மாட்டி அரை மணியாக என் பின்னால் நின்றிருக்கிறார். பொழுதுபோகாமல் என் தாளைப் பார்த்திருக்கிறார்.

"எந்த அன்னம்?" என்றேன்.

"நீ போட்டுக்கினு இருக்கியே, அந்த அன்னம். படிச்சவன் மாதிரி இருக்கே, இதுகூடத் தெரியல?" என்று தாளைப் பிடுங்கித் தலைகீழாகத் திருப்பினார்.

நானும் பார்த்தேன். கறுப்புக் கட்டங்களெல்லாம் ஒன்று சேர்ந்து, வளைந்த கழுத்தும் தூக்கிய வாலுமாக ஓர் அன்னப் பறவை நின்றது. ஒற்றைக் காலில்.

"கழுத்தைப் பாருமா," என்றார் ரேணுகாம்பாள் டீச்சரம்மாவிடம். "இது அப்பாதுரை குத்தின அட்டை. அவரு அன்னம் மட்டும்தான் இப்படி மூக்கைத் தூக்கிக்கினு நிக்கும், சம்பந்தி வூட்ல குறை கண்டாப்ல. பொட்டிக்குள்ள ஜக்கார்டு சத்தம் கேக்கலையா உங்களுக்கு?"

எனக்கு மண்டையில் அடித்தாற்போல் இருந்தது. ஜக்கார்டு என்பது தறியின் தலைமேல் உட்காரும் பெட்டி. துளை போட்ட அட்டைகளை மாலையாகக் கோத்து அதில் சுற்றவிடுவார்கள். அட்டையில் எங்கே துளையோ, புடவைக் கரையில் அங்கே ஜரிகை ஏறும். இந்த ஊரில் வீட்டுக்கு வீடு 'டக் டக்' என்று அதே சத்தம்தான். பிறந்ததிலிருந்து கேட்கிறோம். அதனால்தான் நடு ரோட்டில் கேட்டபோது ஒரு காதிலும் ஏறவில்லை.

"அந்த இன்னொரு கால்?" என்றேன்.

டீச்சரம்மா தாளில் விரல் வைத்தார். "பதினோராவது கட்டம். மேற்குப் பக்கத்து மஞ்சள். ஒரு தடவைகூட எரியலை. பல்பு ஃப்யூஸ். அன்னம் நொண்டியானது அதனாலேதான். வா, போகலாம்."

"எங்க?"

"அன்னம் பொறந்த வீட்டுக்கு."

பிள்ளையார்பாளையத்தில் அப்பாதுரை வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. வாசலெல்லாம் வட்ட வட்டமாகக் காகிதப் பொட்டுகள் கிடக்கும். எல்லாம் அட்டையில் துளை போட்டபோது விழுந்தவை. அப்பாதுரை மாகறல் கோயிலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி அங்கம்மாள் ஈரத் தலையோடு வந்தார்.

"அன்னத்து அட்டையா? அது கல்யாண அட்டையாச்சேமா. போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி வந்து வாங்கிக்கினு போனாங்களே. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"யார் வாங்கிண்டு போனா?" என்றார் டீச்சரம்மா.

"பேரு கேக்கலமா. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கினு ஸ்கூட்டர்ல வந்தாரு. கல்யாண அட்டைன்னா எங்க வூட்டுக்காரரு மத்ததை ஒதுக்கிட்டு முதல்ல குத்துவாரு. குத்தி முடிச்சு முதல் அட்டை மூலையில மஞ்சள் தடவி ஆணியில மாட்டிடுவாரு. அவரு இல்லாதப்ப ஆள் வந்தா நான் மஞ்சளைப் பாத்துக் குடுத்துடலாம். அன்னைக்கு ரெண்டு கட்டு தொங்கிக்கினு இருந்தது. ஒன்னுல மஞ்சள். ஒன்னுல இல்ல. எதுக்குப்பா அட்டைன்னு கேட்டேன். 'தங்கச்சி கல்யாணப் புடவைக்கு, வெரி அர்ஜெண்ட்'ன்னாரு. மஞ்சள் கட்டை எடுத்துக் குடுத்தேன்."

"அந்த இன்னொரு கட்டு?"

"அது கட்டம் கட்டமா என்னவோ கண்றாவி. 'இதையும் கல்யாணப் புடவைன்றான் ஒருத்தன். எந்தப் பொண்ணு இதைக் கட்டுவா'ன்னு எங்க வூட்டுக்காரரு மஞ்சளே வைக்கல. சாயங்காலம் கோதண்டபாணி வந்தாரு, தறி வச்சிருக்காரே, அவரு. மிச்சம் இருந்ததைக் குடுத்தேன்."

நான் டீச்சரம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளைக்குத் தங்கை ஏது?

"ரெண்டு தெரு தள்ளித்தான் கோதண்டபாணி," என்றார் டீச்சரம்மா. "ஓடு."

ஐம்பது வயசுப் பெண்மணி குடையோடு ஓட, நான் பின்னால் விசில் ஊதிக்கொண்டே ஓடினேன். வழி விலக்கக் கண்டக்டர் விசில் போல ஒன்று கிடையாது.

கோதண்டபாணி எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பக்கத்தில் அன்று காலை தறியிலிருந்து அறுத்த புடவை, மடித்து, மேலே பூ வைத்து இருந்தது. அரக்கு நிறம். கரையில் அன்னம் இல்லை. பொடிப் பொடியாக ஜரிகைக் கட்டங்கள், ஏணிப்படிகள், திடீரென்று ஒரு வெற்றிடம், மறுபடியும் கட்டங்கள்.

"அன்னம் போடத்தானே சொன்னாங்க?" என்றேன்.

"ஆமாங்க. அட்டையைத் தறியில ஏத்தினப்பவே தெரிஞ்சது, அன்னம் வரலன்னு."

"அப்புறம் ஏன்யா கேக்கல?"

கோதண்டபாணி குரலைத் தாழ்த்தினார். "புடவை யாருதுன்றீங்க? கான்ஸ்டபிள் கலியாணசுந்தரம் பொண்ணுது. போலீஸ்காரர் வூட்டு டிசைனைத் தப்புன்னு சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? ஏதோ டிபார்ட்மெண்டு மோஸ்தர்னு நெனச்சி நெய்துட்டேன்."

டீச்சரம்மா புடவைக் கரையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். குறுக்கே எண்ணினார். பன்னிரண்டு. உதடு மட்டும் சிரித்தது.

"கோதண்டபாணி, புடவையை எடுத்துண்டு வாங்கோ. நாலு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு."

ஆனைக்கால் மண்டபத்தில் இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முரளீதரன் கர்சீப்பால் விசிறிக்கொண்டிருந்தார். கலியாணசுந்தரம் விறைப்பாக நின்றார். பக்கத்தில் கலாவதி. அப்பாவுக்கு என்ன ஆகிறதோ என்று அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"கம் மேடம்!" என்றார் முரளீதரன். "ப்ரூஃப் கிடைச்சுடுத்தா?"

"கிடைச்சது. பெட்டியைத் திறங்கோ."

"அது ஜெர்மன்..."

"தெரியும். ஜெர்மன்காரன் மஞ்சள் தடவுவானான்னு பார்க்கணும்."

முரளீதரன் கர்சீப் விசிறுவதை நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் சாவியை வாங்கித் தாமே திறந்தார். உள்ளே பச்சைப் பெயிண்ட் அடித்த பழைய ஜக்கார்டு பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் மேல் அட்டை மாலை 'டக்' என்று ஒரு படி நகர, துளை இருந்த இடத்து விளக்குகள் எரிந்தன. மூலையில் மஞ்சள் தடவிய முதல் அட்டை மெள்ள மேலே வந்து எங்களுக்கு முகம் காட்டிவிட்டுப் போனது.

"உங்க தங்கைக்கு எப்போ கல்யாணம், சார்?" என்றேன் நான். இந்த ஒரு வரிக்காக இரண்டு தெரு மூச்சிரைக்க ஓடி வந்திருந்தேன்.

முரளீதரன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் பாவமாகத்தான் இருந்தார்.

"ஐடியா என்னுதுதான், மேடம். ஜக்கார்டை வச்சு சிக்னல் ஓட்டலாம்னு வேற யாருக்காவது தோணித்தா? ஆனா பிள்ளையார்பாளையத்து அட்டைன்னா யார் மதிப்பா? அதான் ஜெர்மன்னு சொன்னேன். கல்யாணம்னா சீக்கிரம் குத்துவான்னு கேள்விப்பட்டேன், அதையும் சொன்னேன். அப்புறம் விளக்கு தப்பா எரியறதேன்னு பெட்டியைத் திறந்து பார்த்தா, நான் எழுதிக் குடுத்த வரிசையே இல்லை. இவர்தான் கலைச்சுட்டார்னு நிஜமாவே நம்பினேன்."

"நம்பினேள். அங்கம்மாளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டா ஜெர்மனி போயிடும்," என்றார் டீச்சரம்மா. "உங்க வரிசை எங்கேயும் போகலை. இவர் பொண்ணோட கல்யாணப் புடவையிலே இருக்கு."

கோதண்டபாணி புடவையைப் பிரித்தார். கலாவதி வாயைப் பொத்திக்கொண்டாள். கலியாணசுந்தரத்தின் முகம் இருண்டது. பழி போன சந்தோஷம் அவருக்கு அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. மகள் ஆசைப்பட்டுக் கேட்ட அன்னம் ஒன்றுகூடக் கரையில் இல்லை. அதற்குப் பதில் எட்டு முழத்துக்கு மேல் டிராஃபிக்.

"குறுக்கே பன்னிரண்டு கட்டம். மூணு மூணா ஒவ்வொரு பக்கம்," என்று டீச்சரம்மா அவருக்குக் காட்டினார்.

கலியாணசுந்தரம் குனிந்து கரையில் கட்டைவிரல் நகத்தை வைத்தார். நகம் மெல்ல நகர்ந்தது. பன்னிரண்டு வருஷம் அந்த ரோட்டையே பார்த்த மனுஷன்.

"இது பஸ் ஸ்டாண்டு பக்கம். பத்து அட்டை பச்சை, அம்பது செகண்டு. சரி. இது மார்க்கெட்டு. சரி." நகம் நின்றது. "இது கோயில் பக்கம். நாலே அட்டையா? இருபது செகண்டா? சார், நாளைக்குப் பெருமாள் குடை இந்த மூலையில திரும்பறதுக்கே இருபது செகண்டு பத்தாது. பின்னால பெருமாள் வர வேணாமா?"

முரளீதரன் கோயில் பக்கத்து மூலையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எவ்வளவு வேணும்? சொல்லுங்கோ, எழுதிக்கறேன்," என்றார். அந்த நிமிஷத்தில் எனக்கு அவரைக் கொஞ்சம் பிடித்துப் போனது.

"நாளைக்கு இந்தச் சிக்னலை அணைச்சு வச்சிடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "கலியாணசுந்தரம், பீப்பாய் மேல ஏறும். திருவிழா முடிஞ்சதும் இவரோட உக்காந்து கணக்கு சொல்லும். அட்டையை அப்புறம் குத்தட்டும்."

கலியாணசுந்தரம் சல்யூட் அடித்தார். ஆனால் கண் புடவையிலேயே இருந்தது. "வேற நெய்ய நாள் இல்லமா," என்றார் மகளிடம். "எட்டு நாள்ல முடியாது."

கலாவதி கரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். ஆறு வரி, வரிக்கு நாலே நாலு ஜரிகைப் பொட்டு.

"இது இன்னாப்பா?"

"நாலு பக்கமும் சிவப்பு. முப்பது செகண்டு எல்லா வண்டியும் நிக்கும். நடந்து போறவங்க போறதுக்கு."

"இது கரை முழுக்க வருதா?"

"வருதுமா. திரும்பத் திரும்ப வருது."

"அப்ப எனக்கு அன்னம் வேணாம்," என்றாள் கலாவதி. "பன்னெண்டு வருஷமா ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் நீ வழி வுட்டுக்கினு இருந்தே. நான் நடந்து வரப்போ நாலு பக்கமும் நிக்கட்டும்பா. நான் இதைத்தான் கட்டுவேன்."

கலியாணசுந்தரம் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் அவசரமாகக் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். நான் அழவில்லை. வைக்கோல் தூசி.

அந்தச் சமயம் பார்த்துச் சிக்னலில் நாலு பக்கமும் பச்சை விழுந்தது. நாலு பக்கமும் உறுமிக்கொண்டு கிளம்பியது. புதுத் தவில் ஒன்று அலறியது. கலியாணசுந்தரம் யோசிக்கவே இல்லை. தொப்பி கையிலேயே இருக்க, தாவிப் போய் நடு ரோட்டில் நின்று கையைத் தூக்கினார். பஸ் நின்றது. ரிக்‌ஷா நின்றது. வைக்கோல் வண்டி மாடுகூட நின்றது.

புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு கலாவதி மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல், ரோட்டைக் கடந்து வீட்டுப் பக்கம் போனாள். தலைக்கு மேலே சிக்னலில் அன்னம் ஒற்றைக் காலில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.